வடைக்குக் குறுக்கே ஒரு மதில்

கோர்ட்டு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களுக்கு அரை மணி நேரம் பேசும்படி முதலில் என்னைக் கேட்டார்கள். பேச ஆரம்பித்தால் நான் நிறுத்தமாட்டேன் என்று தெரிந்த யாரோ ஒரு புண்ணியவான், எழுதிக் கொடுத்தால் போதும் என்று மாற்றிவிட்டார். தலைப்பையும் அவர்களே கொடுத்தார்கள்: அதிகாரப் பிரிவினையும் தனிமனித சுதந்திரமும். எனக்கு முன்னால் வகுப்பெடுத்த பேராசிரியர் பலகையில் மூன்று கட்டம் போட்டு, சட்டமன்றம், நிர்வாகம், நீதிமன்றம் என்று எழுதி, நடுவில் அம்புக்குறியெல்லாம் வரைந்தாராம். நல்ல படம்தான். நான் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். மாஜிஸ்திரேட்டின் மேடைக்குக் கீழே உட்கார்ந்து கேஸ் கட்டுகளை எடுத்துக் கொடுக்கிற வேலை. அந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் அம்புக்குறி தெரியாது. பருப்பு வடைதான் தெரியும்.

நான் கடைசியாக வேலை பார்த்த கோர்ட்டு, திருவனந்தபுரத்தில் ஒரு போலீஸ் ஸ்டேஷனை ஒட்டி இருந்தது. எது என்று கேட்காதீர்கள். இந்தக் கதையில் வருகிறவர்கள் இன்னும் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறார்கள், ஒருவர் காலையில் நடக்க வருவதே என் வீடு இருக்கும் கரமனைப் பக்கம்தான். இரண்டு வளாகத்துக்கும் நடுவில் ஒரு பழைய மதில். ஒரு வருஷம் இடவப்பாதி என்று அங்கே சொல்கிற ஜூன் மாத மழையில் அது ஓர் இடத்தில் சரிந்து, ஒரு ஆள் நுழையும் அளவுக்கு வழி விட்டது. கேன்டீன் எங்கள் பக்கம் இருந்தது. காலை பதினொரு மணிக்கு அங்கே வடை எண்ணெயிலிருந்து எடுப்பார்கள். அந்த வாசனை மதிலைத் தாண்டிப் போகும், போலீஸ் மதிலைத் தாண்டி வரும். பல வருஷமாக இதுதான் நடைமுறை.

வெறுங்கையோடு யாரும் வரமாட்டார்கள். ஸ்டேஷன் ரைட்டர், அதாவது அங்கே எழுத்து வேலையெல்லாம் பார்க்கிற போலீஸ்காரர், அன்றைக்குப் பிடிபட்டவர்களின் விவரத்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வருவார். விதி உங்களுக்கே தெரியும். ஒருவரைப் போலீஸ் பிடித்தால் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். உள்ளே வைப்பதா, வெளியே விடுவதா என்று மாஜிஸ்திரேட்தான் அந்த ஆளைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். பிடிக்கிறவர் வேறு, முடிவு செய்கிறவர் வேறு. இரண்டு பேருக்கும் விதி எழுதிக் கொடுத்தவர்கள் இன்னொரு கட்டடத்தில் இருக்கிறார்கள்.

ஆனால் நான் சுறுசுறுப்பானவன். மாஜிஸ்திரேட் உட்காருவதற்கு முன்பே உத்தரவை அடித்து வைத்துவிடுவேன். பெயர், வயது, கேஸ் எண், பிறகு இந்த வரி: 'பிடிபட்டவரைக் கேட்டேன். சொல்வதற்கு எதுவும் இல்லை என்றார்.' அதற்குக் கீழே, பதினான்கு நாள் ரிமாண்ட். கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. மாஜிஸ்திரேட் கேட்க வேண்டியதை நான் கேட்டு, பிடிபட்டவர் சொல்ல வேண்டியதை நானே சொல்லி, பேராசிரியரின் மூன்று கட்டத்தில் இரண்டரைக் கட்டத்தை நான் ஒருத்தனே கவனித்துக்கொண்டிருந்தேன். முன்பிருந்த மாஜிஸ்திரேட்டுகள் என் வேகத்தை மெச்சியிருக்கிறார்கள். எனக்கும் தலைக்கனம் கொஞ்சம் உண்டு.

இந்த நேரத்தில் புதிதாக ஒரு பெண் மாஜிஸ்திரேட் வந்தார். என் மகளைவிட இரண்டு வயது சின்னவர். நான் நீட்டுகிற ஒவ்வொரு தாளையும் முதல் வரியிலிருந்து கடைசி வரை படிப்பார். படித்த பிறகு பின்பக்கம் திருப்பியும் பார்ப்பார். எனக்கு எரிச்சலாக இருக்கும். இந்த வேகத்தில் போனால் பென்ஷன் வாங்கிய பிறகும் நான் இங்கேயே இருக்க வேண்டியதுதான் என்று கேன்டீனில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் வந்த அந்த வாரம் வியாழக்கிழமை வரை ரிமாண்ட் கேஸ் எதுவும் வரவில்லை. அதே வாரம்தான் மதிலைக் கட்ட ஆள் வந்தது.

பழைய மாஜிஸ்திரேட் எழுதிய கடிதத்துக்கு அனுமதி கிடைத்து, மராமத்து இலாகா காண்டிராக்டர் ஒரு கொத்தனாரை அனுப்பியிருந்தார். வள்ளியூர் பக்கத்து ஆள், ஐம்பது வயதிருக்கும், தம்பானூரில் ஒரு லாட்ஜ் அறையில் நாலு பேரோடு தங்கியிருந்தார். தமிழ் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் நான் தினமும் வராந்தாவில் நின்று அவரோடு கதையடிப்பேன். மேஸ்திரி என்று கூப்பிடுவேன். பெயர் கேட்டதில்லை, தேவைப்படவில்லை.

ஒவ்வொரு வரிசை கல்லுக்கும் ரசமட்டம் வைத்துப் பார்ப்பார். "இந்தா பாருங்க சார், குமிழி நடுவுல நிக்குதா? நின்னாத்தான் எனக்குச் சாப்பாடு எறங்கும்" என்பார். அந்த வெள்ளிக்கிழமை ஊரில் அவருடைய சொந்த வீட்டுக்கு மேல் காங்கிரீட் போடுவதாக இருந்தது. "ஊரு பூரா வீடு கெட்டிக் குடுத்தாச்சு. எனக்கு இன்னும் ஓலதான் சார். வியாழக்கெழம மத்தியானத்தோட இங்க முடிச்சிட்டு சாயங்கால வண்டிக்குப் போயிருவேன்."

"நீங்க இல்லாம அங்க வேலை நடக்காதா?" என்று கேட்டேன்.

"நடக்கும். என் மச்சினன் மட்டம் பாப்பான். அவன் மட்டம் பாத்தா மழத்தண்ணி நேரா அடுப்புக்குத்தான் வரும்."

இதற்கிடையில் ஸ்டேஷன் எஸ்.ஐ. இரண்டு முறை வந்து பார்த்தார். பெரிய மீசை, நல்ல மனுஷர், வடை என்றால் மட்டும் நிதானம் போய்விடும். "மேஸ்திரி, இவிடெ ஒரு வழி விடணம் கேட்டோ. ஒரு ஆளு போகான் மாத்ரம்" என்று கையால் அளவு காட்டினார்.

"பிளான்ல வழி இல்ல சாரே. எழுதித் தந்தா விட்டுருதேன்" என்றார் மேஸ்திரி.

அவர் திமிராகச் சொல்லவில்லை. பிளானில் இல்லாததைக் கட்டினால் காண்டிராக்டர் அவரைத்தான் பிடிப்பார், அதற்காகச் சொன்னார். எஸ்.ஐ. எழுதித் தரவில்லை. வடைக்காக மதிலில் ஓட்டை விடவும் என்று எந்த அதிகாரியால் எழுத முடியும்?

வியாழக்கிழமை பத்தே முக்காலுக்கு மேஸ்திரி வழியை அடைத்தார். பதினொரு மணிக்கு வாசனை கிளம்பியது. நான் வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மதிலுக்கு மேலே ஒரு போலீஸ் தொப்பி மட்டும் தெரிந்தது. தொப்பி இடது பக்கம் போனது, வலது பக்கம் போனது, திரும்பி நடுவில் வந்து நின்றது.

"எடோ, இது பொளிக்கணம்" என்றது தொப்பி. உடைக்க வேண்டும் என்று அர்த்தம், குரல் எஸ்.ஐ.யுடையது.

"இடிக்கணும்னா எழுதித் தாங்க சாரே."

"எழுதித் தராம். நீ ஸ்டேஷன்ல வா."

மேஸ்திரி சிமெண்டுக் கரண்டியைக் கழுவினார், ரசமட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டார், மெயின் ரோடு வழியே சுற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். எழுதித் தரப் போகிறார்கள் என்றே நம்பிப் போனார். எழுதத்தான் செய்தார்கள். அரசு ஊழியரின் கடமையைத் தடுத்தார், கூரிய ஆயுதத்தை ஓங்கினார் என்று இரண்டு பக்கம்.

நான் வடையைத் தின்றுவிட்டு என் மேஜைக்குப் போய்விட்டேன். ஒன்றரை மணி வாக்கில் ரைட்டர் வேர்க்க விறுவிறுக்க வந்தார். மெயின் ரோடு, பஸ் ஸ்டாப்பு எல்லாம் சுற்றி வந்திருந்தார். அங்கே என்னை எல்லோரும் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"சாமி, இந்த மதிலு வலிய உபத்திரவம் ஆயி. ஒரு கேஸ் உண்டு, வேகம் அடிச்சு வைக்கணே."

"என்ன கேஸ்?"

"டூட்டி தடஞ்ஞு. ஆயுதம் உண்டு."

ஆயுதம் என்றதும் நான் பெரிய ரௌடி என்று நினைத்துக்கொண்டேன். தாளில் சுடலைமுத்து, வயது ஐம்பத்தொன்று என்று இருந்தது. அந்தப் பெயரில் எனக்கு யாரையும் தெரியாது. கேஸ் விவரத்தைப் படிக்கவில்லை, அடிப்பதற்கு அது தேவையில்லை. ஸ்டேஷன் பக்கத்திலிருந்து யாரோ கத்துகிற சத்தம் வந்துகொண்டிருந்தது. அடிக்கும்போது பிழை வந்துவிடுகிறதே என்று ஜன்னலைச் சாத்தினேன். அந்த ஜன்னல் லேசில் அடையாது, இரண்டு குத்துக் குத்த வேண்டும். குத்தி அடைத்துவிட்டு நாலே நிமிஷத்தில் உத்தரவை முடித்தேன்.

மூன்று மணிக்கு அழைத்து வந்தார்கள். கையில் சிமெண்டுக் காய்ப்போடு, ஒரு பக்கம் எஸ்.ஐ., ஒரு பக்கம் ரைட்டர், நடுவில் என் மேஸ்திரி. என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. தெரிந்த ஆள் ஒருத்தர் இருக்கிறார், இனிப் பயமில்லை என்கிற நிம்மதி. பிள்ளைகளே, என் சர்வீஸில் மேலதிகாரிகள் என்னை எத்தனையோ முறை திட்டியிருக்கிறார்கள். எதுவும் அந்தப் பார்வை அளவுக்கு என்னைச் சுட்டதில்லை. ஏனென்றால் அவருடைய பதினான்கு நாள் அப்போது மேடத்தின் மேஜை மேல், என் கைவண்ணத்தில், கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

மேடம் வழக்கம்போல முதல் வரியிலிருந்து படித்தார். நடுவில் நின்றார். ஒரு வரியை மட்டும் வாய்விட்டுப் படித்தார். பிறகு கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். பேசியதெல்லாம் மலையாளம். நான் தமிழில் தருகிறேன்.

"சொல்வதற்கு எதுவும் இல்லை என்று இவர் எப்போது சொன்னார்?"

"இன்னும் சொல்லவில்லை, மேடம்."

"நான் எப்போது கேட்டேன்?"

"இன்னும் கேட்கவில்லை."

"அப்படியானால் இந்தத் தாளுக்குள் பேசிக்கொண்டிருப்பது யார்?"

நான் என் செருப்பைப் பார்த்தேன்.

"சரி. இப்போது கேட்போம்" என்றார். மேஸ்திரிக்கு வேலைத்தளத்து மலையாளம் தெரியும், கோர்ட்டு மலையாளம் பிடிபடாது. "நீங்களே மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். ஒரு வார்த்தை விடக் கூடாது" என்று எனக்கு உத்தரவானது.

சொல்வதற்கு எதுவும் இல்லாத அந்த மனிதர் இருபது நிமிஷம் பேசினார். அஸ்திவாரத்திலிருந்து ஆரம்பித்தார். பிளான், நூல் பிடித்தது, எஸ்.ஐ. காட்டிய அளவு, தொப்பி, நாளைக்கு ஊரில் போட வேண்டிய காங்கிரீட், மச்சினனின் மட்டம் பார்க்கிற லட்சணம், அடுப்புக்குள் வரப்போகிற மழைத்தண்ணீர். ஒரு வார்த்தை விடாமல் நான் மலையாளத்தில் சொன்னேன். மச்சினனைப் பற்றி அவர் சொன்ன ஒரு வார்த்தைக்கு மட்டும் நல்ல மலையாளம் கிடைக்கவில்லை. மேடம் அது புரிந்துவிட்டது என்று கையைக் காட்டினார்.

"ஆயுதத்தைக் காட்டுங்கள்" என்றார் அடுத்து.

ரைட்டர் கரண்டியையும் ரசமட்டத்தையும் மேஜை மேல் வைத்தார். மேடம் குனிந்து ரசமட்டத்தின் குமிழியைப் பார்த்தார். அது ஒரு ஓரமாக ஒதுங்கியிருந்தது. கூண்டிலிருந்து மேஸ்திரி எட்டிப் பார்த்து, "மேச சரிஞ்சிருக்கு சார். எடது காலுக்கு ஒரு அட்ட வைக்கணும்னு அம்மாட்ட சொல்லுங்க" என்றார். உத்தரவு உத்தரவுதானே. அதையும் மொழிபெயர்த்தேன்.

மேடம் சிரிக்கவில்லை. எஸ்.ஐ. பக்கம் திரும்பினார். "இவர் தடுத்தது உங்களுடைய எந்தக் கடமையை?"

எஸ்.ஐ. விறைப்பாக நின்று, "ஸ்டேஷனிலிருந்து கோர்ட்டுக்கு அவசரமாக வருவதற்கான வழி, மேடம்" என்றார்.

"என்ன அவசரம்?"

எஸ்.ஐ. ரைட்டரைத் திரும்பிப் பார்த்தார். ரைட்டர் சுபாவத்தில் உண்மை பேசுகிறவர், அதுவே அவருடைய பதவி உயர்வுக்குத் தடையாக இருந்தது. தன்னைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து அவர் சொல்லிவிட்டார். "ரிமாண்ட் விவரத்தைச் சாமியிடம் கொடுக்க, மேடம். பிறகு வடை தின்ன."

மொத்தக் கோர்ட்டும் என்னைப் பார்த்தது. மின்விசிறி மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த ஓட்டை வழியாக இத்தனை வருஷம் என்ன போய் வந்தது என்று ஒரே மூச்சில் அவ்வளவு ஒழுங்காக வேறு யாரும் சொல்லியிருக்க முடியாது.

மேடம் என் தாளைக் கிழிக்கவில்லை. ஓரமாக வைத்தார். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, கையாலேயே நாலு வரி எழுதினார். இவரைக் கேட்டேன், காவலில் வைக்கக் காரணம் எதுவும் காணவில்லை, சொந்த ஜாமீனில் விடவும், தொழில் சாமான்களைத் திருப்பிக் கொடுக்கவும். என் நாலு நிமிஷத்தைவிடக் குறைவான நேரம்தான் ஆனது.

எஸ்.ஐ. தயங்கி, "மேடம், மதிலில் ஒரு சின்ன வழி..." என்று இழுத்தார்.

"மதில் என் கையில் இல்லை. மராமத்துக்கு எழுதுங்கள்" என்றார் மேடம்.

எனக்கு அதற்குள் நியாயவெறி பிடித்துவிட்டது. குற்றம் செய்தவனுக்குத்தான் அது சீக்கிரம் பிடிக்கும். மேடத்தின் அறைக்குள் பின்னாலேயே போய், "எஸ்.ஐ.க்கு ஒரு பாடம் கற்பிக்க வேண்டும் மேடம். இனி ஸ்டேஷன் ஆட்கள் கேன்டீன் பக்கமே வரக் கூடாது, எஸ்.ஐ. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஓர் உத்தரவு" என்றேன்.

"அதையும் அடித்து வைத்துவிட்டீர்களா?" என்று கேட்டார்.

பாதிதான் அடித்திருந்தேன். சொல்லவில்லை.

உட்காரச் சொன்னார். "என் முன்னால் வந்தது ஒரே ஒரு கேள்வி. இந்த ஆளை உள்ளே வைப்பதா, விடுவதா. அதைச் சொல்லியாகிவிட்டது. ஸ்டேஷனை அவர் நடத்தட்டும். தப்பாக நடத்தினால் அவருக்கு மேலே ஆள் இருக்கிறது, என்னிடம் மனுவாக வந்தால் அப்போது பார்ப்பேன். அவர் வேலையையும் நானே எடுத்துக்கொண்டால், நாளைக்கு ஒரு மேஸ்திரியை நானே பிடித்து நானே உள்ளே வைப்பேன். அவர் யாரிடம் போய்ச் சொல்வார்?" பிறகு என் பழைய தாளை நீட்டினார். "இது கோர்ட்டுக் காகிதம் இல்லை. உங்களுடையது. கொண்டுபோங்கள்."

மெமோ வரும் என்று ஒரு வாரம் சோறு இறங்காமல் இருந்தேன். வரவில்லை. வந்திருந்தால் பதில் எழுதி ஃபைலை மூடியிருப்பேன், இந்த வயதில் உங்களுக்கு இதை எழுதிக்கொண்டிருக்கமாட்டேன்.

மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று சொல்லிவிடுகிறேன். கேஸ் பிறகு நிற்கவில்லை. எஸ்.ஐ. வடைக்காகத் தினமும் மெயின் ரோடு சுற்றி நடந்து வந்தார், மூன்று மாதத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது என்று அவரே எல்லோரிடமும் சொன்னார். மராமத்துக்கு அவர் எழுதவே இல்லை. மேஸ்திரி திங்கட்கிழமை திரும்பி வந்து மதிலுக்குப் பூச்சு வேலை செய்தார். ஊரில் காங்கிரீட் ஒழுங்காக விழுந்துவிட்டதாம். மச்சினனைத் தண்ணீர் பிடித்து ஊற்ற மட்டும் விட்டாராம்.

ஆனால் அந்த வியாழக்கிழமை சாயங்காலம் வராந்தாவில் நடந்தது ஒன்று பாக்கி இருக்கிறது. ஜாமீன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ரசமட்டத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு, வண்டிக்கு நேரமாச்சு என்று கிளம்பியவர் திரும்பி வந்தார்.

"சார், எல்லாத்தையும் எனக்குச் சொன்னீக. அம்மா ஒரு தாளக் காட்டி உங்கள என்னமோ கேட்டாகளே, அத மட்டும் சொல்லலையே."

அந்தத் தாள் என் கையில்தான் இருந்தது. ஒரு வார்த்தை விடக் கூடாது என்பது உத்தரவு. எனவே அதையும் மொழிபெயர்த்தேன். பிடிபட்டவரைக் கேட்டேன், சொல்வதற்கு எதுவும் இல்லை என்றார்.

"யாரு, நானா?" என்றார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "அந்தத் தாள எனக்குத் தந்துருங்க சார். என் பொஞ்சாதிட்ட காட்டணும். கல்யாணமாகி ஒரு நாளாவது இந்த மனுசன் பேசாம இருந்தான்னு கோர்ட்டே எழுதியிருக்குன்னா அவ நம்புவா."

நானும் சிரித்தேன். தப்பித்தேன் என்று நினைத்தேன்.

"எப்ப அடிச்சீக சார் இத?"

"ரெண்டு மணிக்குள்ள இருக்கும்."

அவர் யோசித்தார். "அப்ப நான் ஸ்டேஷன்ல தொண்ட கிழியக் கத்திக்கிட்டுல்லா இருந்தேன். வீட்டுக்கு காங்கிரீட்டு, விடுங்க சாரேன்னு. இங்கன வரைக்கும் கேட்டிருக்குமே."

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. முடியவில்லை. "கேட்டுது மேஸ்திரி. யாருன்னு பாக்கலை. ஜன்னலைச் சாத்திட்டுத்தான் அடிச்சேன்."

கோபப்படுவார் என்று நின்றேன். அவர் என் தோளுக்குப் பின்னால் அந்த ஜன்னலைப் பார்த்தார், வேலைக்காரன் வேலையைப் பார்க்கிற பார்வை.

"அது சரியா அடையாதே சார். அடியில சிமெண்டு பொங்கியிருக்கு, நானும் பாத்தேன். திங்கக்கெழம வரும்போது கொத்தி விட்டுருதேன். பொறவு சத்தமே வராது."

"வேண்டாம் மேஸ்திரி" என்றேன். "அது அப்படியே இருக்கட்டும்."